பூட்டும் போட்டேன், சாவியும் கொடுத்தேன்!

"அம்மா, இன்னும் அஞ்சே நிமிஷம்மா!"

இந்தக் குரல் கேட்காத வீடு இன்று உண்டா, சகோதரிகளே? எங்கள் வீட்டில் ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் அந்த 'அஞ்சு நிமிஷம்' ஒன்பது மணி வரை நீளும். தட்டில் போட்ட தோசை ஆறிப்போய் வறட்டி மாதிரி விறைத்துக் கிடக்கும். நான் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்து நடந்து என் காலும் குரலும் தேய்ந்ததுதான் மிச்சம்.

நாங்கள் இருப்பது திருச்சி, உறையூரில். என்னவருக்கு வங்கி வேலை. மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார். பெரியவன் ஏழாவது, சின்னவள் இரண்டாவது. 2020-ல் பள்ளிக்கூடங்களை மூடி, வீட்டிலிருந்தே வகுப்பு என்றார்களே, அப்போது பெரியவனுக்காக வாங்கியதுதான் இந்தக் கம்ப்யூட்டர். பள்ளிக்கூடம் திறந்தது, பிள்ளைகள் பை தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் கூடத்து மூலையில் சட்டமாக உட்கார்ந்துவிட்டது. பாடம் போய் விளையாட்டு வந்தது, விளையாட்டுக்குப் பின்னால் வீடியோ வந்தது.

போன வருஷம் காலாண்டுப் பரீட்சைக்கு முதல் நாள். எட்டு தடவை கூப்பிட்டும் பெரியவன் அசையவில்லை. "நான் சொன்னா கேப்பான்" என்று மாமியார் போய் மெள்ள அவன் தோளைத் தொட்டார். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், "போ அப்பாயி!" என்று கையைத் தட்டிவிட்டான். அவர் மணிக்கட்டு மேசை விளிம்பில் இடித்துக் கன்றிப் போயிற்று. நான் பாய்ந்து போய் ஸ்விட்சை அணைத்தேன். அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அத்தை மட்டும், "விடும்மா, புள்ள தெரியாம பண்ணிட்டான்" என்று முந்தானையால் கையை மறைத்துக்கொண்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நீ கத்தறதும் அவன் கத்தறதும் இனிமே வேணாம். நேரம் முடிஞ்சிடுச்சுன்னு மெஷினே சொல்லட்டும்" என்றார் என்னவர்.

"கம்ப்யூட்டருக்குக் கூட காவல்காரன் இருக்கானாங்க?" என்றேன். இருக்கிறான் என்பது மறுநாள்தான் தெரிந்தது, அதுவும் சம்பளமே வாங்காத காவல்காரன்! விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்று ஒன்று உண்டு. ஆப்பிள் கருவிகளில் ஸ்க்ரீன் டைம். ஆண்ட்ராய்டு ஃபோனுக்குக் கூகுள் ஃபேமிலி லிங்க். உங்கள் வீட்டில் எது இருக்கிறதோ, அதற்கு ஏற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் பிள்ளைக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்தோம். இதுதான் அஸ்திவாரம். அப்பா அம்மாவின் கணக்கிலேயே பிள்ளையும் நுழைந்தால் எந்தக் கட்டுப்பாடும் செல்லாது. அவன் கணக்கை 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று வைக்காமல் சாதாரணக் கணக்காக வைத்து, எங்கள் குடும்பக் குழுவில் சேர்த்தோம். அதன்பிறகு நேரம். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிக்குள் என்பது ஒன்று. அதற்குள் மொத்தம் எவ்வளவு நேரம் என்பது இன்னொன்று. இரண்டையும் கிழமை வாரியாகக் குறிக்கலாம். மாலை ஐந்திலிருந்து எட்டுக்குள் ஒரு மணி நேரம், சனி ஞாயிறு இரண்டு மணி நேரம் என்று போட்டோம். நேரம் முடியப்போகிறது என்று அதுவே முன்கூட்டி எச்சரிக்கும். முடிந்ததும் திரையைப் பூட்டிவிடும். கூடுதல் நேரம் வேண்டுமென்றால் பிள்ளை அங்கிருந்தே விண்ணப்பம் அனுப்பலாம். அது என் ஃபோனுக்கு வரும். நான் சரி என்றால்தான் திறக்கும்.

ஆஹா, பிரச்னை தீர்ந்தது என்று அன்று இரவு நிம்மதியாகப் படுத்தேன். ஆனால் என் பிள்ளை என் வயிற்றில் பிறந்தவனாயிற்றே!

நாலாம் நாள் பார்த்தால், ராத்திரி எட்டரைக்கு ஜாம் ஜாம் என்று விளையாடிக்கொண்டிருக்கிறான். என்னடா விஷயமென்றால், என் கணக்குக்குள்ளேயே புகுந்துவிட்டான். பாஸ்வேர்டு? அவன் பிறந்த தேதி! "வேற என்ன வச்சிருப்பே நீ?" என்று சிரிக்கிறான். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்டை மாற்றினேன். உடனே பார்வை என் ஃபோன் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டருக்குப் போட்ட பூட்டு ஃபோனுக்கும் டி.வி.க்கும் தானாகப் பொருந்தாதே! முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்த கதைதான்.

என் தப்பும் ஒன்று உண்டு. ஒருநாள் நாங்கள் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தோம். ஃபோன் கைப்பையில். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒன்பதரைக்கு எடுத்துப் பார்க்கிறேன், அவனிடமிருந்து மூன்று விண்ணப்பங்கள். மறுநாள் கொடுக்கவேண்டிய அறிவியல் பாட வேலை பாதியில் நிற்கிறது. வீட்டுக்கு வந்தால் பூட்டிய திரைக்கு முன்னாலேயே தூங்கிவிட்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர்க்கோடு. பள்ளிப் பாடத்துக்கும் விளையாட்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தது யார் குற்றம்? என் குற்றம்தான். பாட வேலை இருக்கும் நாளில் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்குத் தனி நேரம் என்று அப்புறம்தான் புத்தி வந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் இதுவல்ல.

இந்த ஏற்பாட்டில் வாராவாரம் ஓர் அறிக்கை வரும். பிள்ளை எவ்வளவு நேரம் உட்கார்ந்தான், எதையெல்லாம் பார்த்தான், எதைத் தேடினான் என்று பட்டியல் போடும். ஒருநாள் மதியம் வேலையெல்லாம் முடித்துவிட்டு, விளையாட்டு எத்தனை, வீடியோ எத்தனை என்று வக்கீல் மாதிரி அதைப் புரட்டினேன். நடுவில் இருந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

உயரமாக வளர என்ன சாப்பிடவேண்டும். பன்னிரண்டு வயதில் எவ்வளவு உயரம் இருக்கவேண்டும். குள்ளமாக இருப்பவர்களைக் கேலி செய்தால் என்ன செய்வது.

ஒரே வாரத்தில் ஏழெட்டு தடவை தேடியிருக்கிறான். தினமும் அவனுக்குச் சோறு போடுகிற எனக்கு இது தெரியவில்லை. வகுப்பில் வரிசையில் முதலாவதாக நிற்கிறான் என்பது தெரியும். அது அவனை இப்படி அரிக்கிறது என்று தெரியாது. ராத்திரி வேளையில் அவன் கம்ப்யூட்டரை விடாததற்கு விளையாட்டு மட்டும் காரணமில்லை போலிருக்கிறதே! எங்களிடம் கேட்கக் கூச்சப்பட்டதை அந்தப் பெட்டியிடம் கேட்டிருக்கிறான்.

அன்று அவனிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு வேளையில் பொதுவாகப் பேசுவதுபோல், "உன் மாமா இருக்கானே, ஒம்பதாவது வரைக்கும் அவன்தான் வரிசையில மொத ஆளு. காலேஜ் போறப்ப வாசப்படியில தலை இடிக்கும்" என்றேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "நெஜமாவா?" என்றான். அந்த ஒரு சொல்லில் எத்தனை ஏக்கம்!

அந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். உயரமும் எடையும் அளந்து அட்டவணையில் குறித்துப் பார்த்து, "வயசுக்குச் சரியாத்தான் இருக்கான். பெண் குழந்தைகள் முந்திக்குவாங்க, பையன்களுக்கு அந்த வளர்த்தி கொஞ்சம் பிந்தித்தான் வரும்" என்றார். "வளர்ச்சிக்கான ஹார்மோன் நல்ல தூக்கத்துலதான் நிறையச் சுரக்கும். படுக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே திரையை அணைச்சுடு, தம்பி" என்று அவனிடமே சொன்னார். நான் ஆறு மாதம் தொண்டை வறளக் கத்தியது ஏறவில்லை; இது ஏறிவிட்டது! கண்ணுக்கும் ஒரு வழி சொன்னார். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்கவேண்டுமாம். எங்கள் வீட்டில் அது எதிர்வீட்டு முருங்கை மரம்.

வீட்டுக்கு வந்ததும் மனசு உறுத்தியது. உண்மையைச் சொல்லிவிட்டேன். "நீ தேடினதை நான் பாத்துட்டேன்டா."

முகம் சிவந்துவிட்டது. "அப்ப எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருந்தியா? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் டைரியை நான் திருட்டுத்தனமாகப் படித்த மாதிரிதானே! மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, "பாத்தது தப்பில்ல, நான் உன் அம்மா. உங்கிட்ட சொல்லாம பாத்ததுதான் தப்பு" என்றேன். மௌனமாக இருந்தவன், கொஞ்ச நேரம் கழித்து மடியில் தலை வைத்துப் படுத்தான்.

அதற்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி நேரத்தைப் புதிதாக வைத்தோம். இந்த முறை நேரத்தைச் சொன்னது அவன். சரியென்று ஒப்புக்கொண்டது நாங்கள். வாராந்தர அறிக்கையை ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் சேர்ந்தே பார்க்கிறோம். ஒளிவுமறைவில்லை. அவனும் ஒரு நிபந்தனை போட்டான். "சாப்பிடறப்ப அப்பா ஃபோன் பாக்கக்கூடாது. நீயும்தான்!" நியாயம்தானே? இப்போது எட்டு மணிக்கு எங்கள் ஃபோன்கள் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் தூங்குகின்றன. அத்தை மட்டும், "என் சீரியலுக்கும் பூட்டா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

சின்னக் குழந்தைகள் உள்ள தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டிலிருந்து நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் இன்னும் நல்லது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. சோறு ஊட்டும்போது ஃபோனைக் கையில் கொடுத்துப் பழக்காதீர்கள். நிலாவும் காக்காயும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன!

பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் சத்தம் குறைந்தது அதனால்தான். ஆனால் பூட்டுகிறோம் என்பதைப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் பூட்டுங்கள். பூட்டிய பிறகு பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள். நேரத்தைக் கணக்குப் பார்க்க மெஷின் போதும். மனசைக் கேட்க நாம்தான் வேண்டும்.

நேற்று கம்ப்யூட்டர் பூட்டிக்கொண்டதும் எழுந்து வந்தவன், நேரே அப்பாயியிடம் போனான். "கையைக் குடு, தைலம் தேச்சு விடறேன்" என்றான். அந்தக் கன்றல் ஆறிப் பல மாதம் ஆயிற்று. இருந்தாலும் அத்தை கையை நீட்டினார்.