அரைப்பேர்

தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அன்றைக்குக் குறித்த கிலோவை நிறுத்துக் கொடுத்தால் 'பேர்' விழும். எடை குறைந்தால் அரைப்பேர். காலையிலிருந்து மலையில் நின்றிருக்கலாம், மழையில் நனைந்திருக்கலாம், அட்டைக்கு இரத்தம் கொடுத்திருக்கலாம். செக்ரோலில் விழுவது அரைதான். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானி வந்தபோது பல தோட்டங்களில் இந்தக் கிலோக் கணக்கும் கூடவே ஏறியது. "சேர், அம்மாவுக்கு இன்னைக்கும் அரைப்பேருதான்" என்று ஒரு பிள்ளை சொன்னால், மாகாணமட்டப் போட்டிக்கு அவளுடைய பஸ் காசை நான் வேறெங்காவது பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

நானும் ஒரு வகையில் அரைப்பேர்க்காரன்தான். பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பிக்கிறேன். அங்கே பெண்பிள்ளைகளின் வலைப்பந்து அணிக்குப் பல ஆண்டுகளாக உதவிப் பயிற்றுவிப்பாளர். பயிற்றுவிப்பாளர் எங்கள் உடற்கல்வி ரீச்சர். விளையாட்டை அறிந்தவர் அவர். யார் எந்த இடத்தில் நிற்பது, யாரை எப்போது வெளியே எடுப்பது எல்லாம் அவர் முடிவு. மற்றவை என் பொறுப்பு. லயத்துக்குப் போய்ப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்குவது, வாகனம் பேசுவது, தண்ணீர்க் கலனைத் தூக்குவது, எறிந்த பந்துகளையும் விழுந்த பந்துகளையும் கொப்பியில் கோடு போட்டு எண்ணுவது. அதிபரின் அறையில் தொங்கும் வெற்றிப் படத்தில் என் தோளும் பாதிக் காதும் இருக்கின்றன.

ஊரில் இதற்கு வேறு விதமான மதிப்பீடு. "பொம்பிளைப் பிள்ளையள் பந்தடிக்கிற இடத்தில மௌலானாட மகனுக்கு என்ன வேலை?" என்று ஒருவர் பள்ளிவாசல் படியிலேயே கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். பள்ளிவாசலில் இமாமின் பெயர் எல்லோருக்கும் தெரியும். சுபஹுக்கு முன்னே எழுந்து பாங்கு சொல்லி, தொழுகை முடிந்ததும் பாயைச் சுருட்டி வைக்கும் மோதினாரின் முழுப்பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? அப்படி ஒரு வேலை என்று சொல்லியிருக்கலாம்.

கூடைப்பந்தும் வலைப்பந்தும் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பிறந்த விளையாட்டுக்கள் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது. ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் 1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் வை.எம்.சி.ஏ. பயிற்சிக் கல்லூரியில், பனிக்காலத்தில் உள்ளே அடைபட்டிருந்த மாணவர்களுக்காகக் கூடைப்பந்தை உண்டாக்கினார். 18 மாணவர்கள், 13 விதிகள், மேல்மாடிக் கைப்பிடியில் 10 அடி உயரத்தில் அடித்த இரண்டு பீச்சுப்பழக் கூடைகள். அந்தப் 10 அடி இன்றும் மாறவில்லை. சில ஆண்டுகளில் அது இங்கிலாந்துக்குப் போய், அங்கே உடற்கல்வி ஆசிரியைகளைப் பயிற்றும் கல்லூரி ஒன்றில் வலைப்பந்தாக உருமாறியது.

எங்கள் பாடசாலை வளையம் ஒரு மாரியில் துருப்பிடித்து ஒடிந்து விழுந்தது. புதியது வாங்கக் காசில்லை. ஒரு தகப்பன் வீட்டுக் கூரைக்கு மேல் கிடந்த பழைய கொழுந்துக்கூடையைக் கொண்டுவந்து யூக்கலிப்டஸ் கம்பத்தில் கட்டிவிட்டார். இப்போது சாக்கில்தான் கொழுந்து எடுக்கிறார்கள், கூடைக்கு வேலையில்லை. அடி வெட்டாத கூடை. பந்து உள்ளே விழுந்தால் கீழே வராது. ஒவ்வொரு தடவையும் மேலதிக வீராங்கனை ஒருத்தி மேசை மேல் ஏறி எடுத்துப் போட வேண்டும். நெய்ஸ்மித்தின் முதற் கூடைகளுக்கும் அடி இருந்தது, அங்கேயும் ஒருவர் ஏறித்தான் பந்தை எடுத்தார் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். மேசை மேல் நின்றவள் கேட்டாள், "அவரு பேரு என்ன சேர்?"

தெரியாது என்றேன். வெட்கமாக இருந்தது.

அணியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தர்ஜினி சிவலிங்கத்தைத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்ற அணிகளில் ஆடியவர். அவருடைய படம் எங்கள் விளையாட்டு அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது. அவருக்குத் தலைக்கு மேலே பந்தை ஏந்தி எறிந்து கொடுத்தவர்களின் பெயர்களைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

உதவியாளராகவே வாழ்ந்த ஒரு மனிதரைப் பற்றி வாசித்திருக்கிறேன். பில் கத்ரிஜ். அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் டீன் ஸ்மித் என்ற புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளருக்கு 1967 முதல் 1997 வரை, 30 ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். மைக்கல் ஜோர்டன் அங்கே படித்து ஆடியதும் அந்தக் காலத்தில்தான். ஸ்மித் ஓய்வு பெற்றபோது கத்ரிஜுக்கு 60 வயது. அந்த வயதில் தலைமை கைக்கு வந்தது. மூன்றே பருவங்கள். 80 வெற்றிகள், 28 தோல்விகள், இரண்டு தடவை தேசிய இறுதி நால்வரில் இடம். 2000ஆம் ஆண்டில் விலகிக்கொண்டார். 2015 பெப்ரவரியில் ஸ்மித் இறந்தார், மே மாதத்தில் கத்ரிஜும் போனார். அந்த மூன்று பருவங்களைப் புகழ்ந்துதான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த முப்பது ஆண்டுகளைப் பற்றித்தான் யோசனை. தலைமை தாங்க முடிந்த ஒருவர், தாங்காமல் இருந்த முப்பது ஆண்டுகள்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது கத்ரிஜைப் பற்றி அல்ல. நம்முடைய பக்கத்தில், நம்முடைய பாதையில் நடந்த ஒன்றைப் பற்றி. இதை எழுத எனக்கு இத்தனை ஆண்டு பிடித்திருக்கிறது.

அட்டாளைச்சேனையில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது எனக்கு மட்டக்களப்பு நண்பர் ஒருவர் கிடைத்தார். அவருடைய மாமா புனித மிக்கேல் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருந்தவர். மேலதிக வீரராக அதிகம் வாங்கில் உட்கார்ந்திருந்தவர். அந்த மாமாவின் வாயிலிருந்து நண்பருக்கும், நண்பரிடமிருந்து எனக்கும் வந்து சேர்ந்த பெயர் ஹேபர்ட் அடிகளார்.

யூஜின் ஜோன் ஹேபர்ட் அமெரிக்காவின் லூசியானாவைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி. 1948இல் இலங்கைக்கு வந்தவர். கிழக்கிலேயே தங்கிவிட்டார். மட்டக்களப்பின் இயேசு சபைத் துறவிகள் விளையாட்டைப் பாடமாகவே மதித்தார்கள். அவர்களில் வெபர் அடிகளாரின் பெயரில் அந்த நகரில் இன்று மைதானமே இருக்கிறது. ஹேபர்ட் கூடைப்பந்தைப் பிடித்துக்கொண்டார். களப்பு ஓரத்து மீனவர் பிள்ளைகளையும் கடைக்காரர் பிள்ளைகளையும் கொண்டு கொழும்புக் கல்லூரிகளோடு நின்று ஆடும் ஓர் அணியைக் கட்டினார். பிற்காலத்தில் இளைஞர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும் கிழக்குத் தொழில்நுட்ப நிறுவனத்தையும் பார்த்துக்கொண்டார். அவர் வந்த வயதில் வந்து, அறுபது கடந்தும் திரும்பிப் போகாமல் இருப்பதற்கு என்ன நிய்யத் வேண்டும் என்று நான் யோசித்ததுண்டு.

1990 ஓகஸ்ட் 15ஆம் தேதி அவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டார். பெர்ட்ரம் பிரான்சிஸ் என்ற தமிழ் இளைஞரும் உடன் இருந்தார். இருவரும் வந்து சேரவில்லை. உடல்களும் கிடைக்கவில்லை.

அந்தப் பாதை ஏறாவூரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு அந்த ஓகஸ்டை நான் விளக்க வேண்டியதில்லை. 3ஆம் தேதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில், தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர். 11ஆம் தேதி இரவு ஏறாவூரில், தூங்கிக் கிடந்த பெண்களும் பிள்ளைகளுமாக மீண்டும் நூற்றுக்கு மேற்பட்டோர். அப்போது நான் சின்னப் பிள்ளை. வாப்பா மாதத்தில் இரண்டு தடவை பதுளையிலிருந்து ஏறாவூருக்குப் போய் அரிசியும் கருவாடும் கொண்டுவருவார். அந்த மாதம் போகவில்லை. எங்கள் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸாத் தொழுதது நினைவிருக்கிறது. தொழுதுவிட்டு வந்த வாப்பா கடையைத் திறக்காமல் படுத்துவிட்டார். அவருடைய கொடுக்கல் வாங்கல்காரர் ஒருவரின் வீடு அந்தத் தெருவில் இருந்தது.

ஹேபர்ட் அடிகளார் காணாமற் போனது அதற்கு நான்காம் நாள். அதே நாட்களில் வீரமுனையிலும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானிலும் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். யார் அவரை மறித்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. படை என்றார்கள், ஊர்காவற்படை என்றார்கள், நம்மவர் சிலர் என்றும் சொன்னார்கள். நண்பர் இதைச் சொல்லும்போது 'உங்கட ஆக்கள்' என்ற சொல் நாக்கு வரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. அவர் அதை விழுங்கிவிட்டார். நானும் கேட்காதவன் போல இருந்துவிட்டேன். அன்றிரவு ஒரே அறையில் இருவரும் தூங்காமல் கிடந்தோம்.

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று போகும் ஏ-5 வீதி செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் அடுத்தது ஏறாவூர். எங்கள் பாடசாலை வாசலால் போகும் பாதையின் மறுமுனை அது. சில ஆண்டுகளுக்கு முன் வலைப்பந்துப் பிள்ளைகளைக் கடல் காட்ட பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போனோம். அவர்களில் பலர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. திரும்பும்போது மட்டக்களப்பையும் காட்டுவோம் என்றார் ரீச்சர். ஹேபர்ட் அடிகளாரின் கதையைப் பஸ்ஸில் பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாழைச்சேனை தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது.

ஏறாவூரில் நான் லுஹர் தொழ இறங்கினேன். பிள்ளைகள் பஸ்ஸில் இருந்தார்கள். தொழுது முடித்ததும் பெரியவர் ஒருவர் என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார்.

"எந்த ஊர் மனே?"

பதுளை என்றேன். வெளியே பிள்ளைகள் நிற்பதைக் கண்டு, எல்லோருக்கும் இளநீர் வெட்டச் சொல்லி ஆளனுப்பினார். பேச்சு எப்படியோ அந்த இரவுக்குப் போயிற்று. தன் வீட்டில் போனவர்களின் பெயர்களைச் சொன்னார். வயதுகளைச் சொன்னார். கடைசிப் பெயரின் வயதைச் சொல்லும்போது விரலைக் காட்டினார், குரல் வரவில்லை.

அந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை. 'அதே கிழமையில் இந்தப் பாதையால் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியாரும் ஒரு பொடியனும் வந்தார்களே, அவர்களைப் பற்றி ஏதும் தெரியுமா?' என்ற கேள்வி தொண்டையில் இருந்தது. தன் பிள்ளையின் வயதை விரலால் காட்டியவரிடம் அதைக் கேட்பது அநியாயம் என்று அப்போது எண்ணினேன். இன்று யோசித்தால், அதில் பாதி இரக்கம், பாதி பயம். பதிலுக்குப் பயந்தேன்.

பஸ்ஸில் ஏறியதும் ரீச்சர் மெதுவாகக் கேட்டார்: "கேட்டீங்களா சேர்?"

"இல்ல ரீச்சர்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேசை மேல் ஏறிப் பந்தெடுத்தவள் பின் ஆசனத்திலிருந்து கேட்டாள்: "சேர், பாதரோட போன அண்ணன் பேரு என்னான்னு சொன்னீங்க?"

பாதரின் பெயரை அவள் கேட்கவில்லை. எந்த அறிக்கையிலும் 'ஹேபர்ட் அடிகளாரும் அவருடன் சென்ற' என்றுதான் அந்த இளைஞர் வருகிறார். சில இடங்களில் பெயரே இல்லை. இறப்பதிலும் அரைப்பேர். கொப்பியில், அன்றைய பஸ் கணக்குக்குக் கீழே, பெர்ட்ரம் பிரான்சிஸ் என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

நம்முடைய சுஹதாக்களுக்காக ஒவ்வோர் ஓகஸ்டிலும் நாம் கூடுகிறோம், துஆ கேட்கிறோம், கவிதை எழுதுகிறோம். அதில் ஒரு எழுத்தும் குறையக்கூடாது. அந்தக் கணக்கை யாரும் நமக்கு முழுப்பேராகப் போட்டுத் தரவில்லை என்பதும் உண்மை. ஆனால் நம் ஊரைக் கடக்கும்போது காணாமற் போன இருவரை நாம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்? குற்றம் யாருடையது என்று தெரியாதபோது குற்றத்தை ஏற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அல்லாஹ் அறிந்தவன். விசாரிக்கும் கடமை நமக்கும் உண்டு என்று மட்டும் சொல்கிறேன். இதை நான் திண்ணையில் வைத்துச் சொல்லாமல் தாளில் எழுதுவதும் ஒரு கோழைத்தனம்தான். ஒப்புக்கொள்கிறேன்.

இதை வாசிப்பவர்களில் அந்தப் பக்கத்தவர் யாரும் இருக்கலாம். அந்த ஓகஸ்டில் பெரியவராக இருந்தவர்கள் இப்போது முதுமையில் இருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், போகும் முன் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கே என்று தெரிந்தாலே போதும். லூசியானாவில் ஒரு குடும்பம் இருக்கும். மட்டக்களப்பில், ஸ்கூட்டரில் போன மகனுக்காக ஒரு வீடு காத்திருந்திருக்கும்.

அந்தப் பிள்ளை உயர்தரம் முடித்துவிட்டாள். உடற்கல்வி ஆசிரியையாகப் பயிற்சிக்குப் போக விண்ணப்பித்திருக்கிறாள். கல்வியியற் கல்லூரி கிழக்கில் கிடைத்தால் போவாயா என்று கேட்டேன். "நம்ம ரோட்டுதானே சேர்" என்றாள்.