இயங்குவதா, இயக்குவதா?

சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் நால்வர் சேர்ந்து கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்க முனைந்தோம். 'ஆபரேட்டிங் சிஸ்டம்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டோம். இயங்குதளமா, இயக்குதளமா? தன்வினையா, பிறவினையா? ஓரெழுத்துக்காக ஒரு மாலை முழுவதும் கழிந்தது. இலக்கணச் சண்டை என்றே அன்று நினைத்தோம். அது பொருள் பற்றிய சண்டை என்பது பின்னர்தான் விளங்கிற்று.

செயலியின் நேரத்தையும் நினைவகத்தையும் நிரல்களுக்குப் பங்கிட்டு, ஒன்றின் இடத்தில் மற்றொன்று கைவைக்காமல் காப்பது கெர்னல் எனும் உட்கரு. அது மட்டுமே ஆபரேட்டிங் சிஸ்டமா? கட்டளைகளை ஏற்கும் ஷெல், நிரல்கள் நம்பியிருக்கும் லைப்ரரிகள் யாவும் சேர்ந்ததா?

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் திருத்தவும் பகிரவும் கூடிய முழு அமைப்பொன்றை எழுதப்போவதாக அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். 1991க்குள் கம்பைலர், எடிட்டர், ஷெல் எல்லாம் வந்துவிட்டன. உட்கரு மட்டும் ஆயத்தமாகவில்லை. அவ்வாண்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஓர் உட்கருவை வெளியிட்டார். இரண்டும் இணைந்தன, ஊர் வாயில் லினக்ஸ் என்ற பெயரே நிலைத்தது. 'க்னூ/லினக்ஸ்' என்றே சொல்ல வேண்டும் என்று ஸ்டால்மன் வற்புறுத்தியபோது, வீண் பிடிவாதம் என்று நகைத்தவர்களில் நாங்களும் உண்டு.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1998இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் விண்டோஸின் பிரிக்கவியலாத உறுப்பு என்று மைக்ரோசாப்ட் வாதிட்டது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கும்படி 2000இல் ஆணை பிறந்தது. 2001இல் மேல்முறையீட்டில் அது நீங்கியது. ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்ற முடிவு மட்டும் நிலைத்தது.

ஆக, சொல்லைச் சுருக்கினால் உழைத்தவர் பெயர் மறைகிறது. விரித்தால் பிறருக்கு வாயில் அடைபடுகிறது.

எங்களுக்குத் தோன்றும் அளவுகோல் எளியது. பிற நிரல்கள் எதை நம்பி எழுதப்படுகின்றனவோ, அது முழுவதும் ஆபரேட்டிங் சிஸ்டம். ஆண்ட்ராய்டிலும் லினக்ஸ் உட்கருவே உள்ளது; எனினும் டெபியனுக்கென ஆக்கிய நிரல் அதில் பெரும்பாலும் அப்படியே ஓடுவதில்லை. உட்கரு மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? உலாவியின் கதை வேறு. எக்ஸ்புளோரரின் பகுதிகளைப் பிற நிரல்கள் பயன்படுத்தியது உண்மைதான். ஆயினும் அதைத் தொடாமல் நெட்ஸ்கேப்பில் உலவியவர்களின் கணினி நின்றுவிடவில்லை. அது வீட்டில் குடியிருந்தது, வீடாக இருக்கவில்லை.

அன்று 'இயங்குதளம்' என்றே முடிவு செய்தோம். பிறர் வந்து இயங்குவதற்கான தளம் என்று இன்று அதற்குப் பொருள் கொள்கிறோம். எங்கள் நால்வர் பெயரும் அந்த மொழிபெயர்ப்புக் கோப்பின் தலைப்பில் நான்கு வரிகளாக உள்ளன. மென்பொருளைப் பயன்படுத்துவோர் எவரும் அக்கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை. ஸ்டால்மனின் பிடிவாதம் எங்களுக்குப் புரிந்தது அதன்பிறகுதான்.