ஐம்பத்து நான்காம் வயதில்

மிதிவண்டி விரைவோட்டப் பந்தயத்தை முதன்முறை காண்போர் சற்றே ஏமாற்றம் அடைவர். விளிம்பு உயர்ந்து சாய்ந்த வட்டத் தளத்தில் இருவர் மட்டும்; அவர்களோ தொடக்கத்தில் விரைவதே இல்லை. ஊர்ந்து செல்வர், சில வேளைகளில் கால் ஊன்றாமல், வண்டியின் மீதே அசையாது நின்றும் விடுவர். முன்னே செல்பவர் காற்றை எதிர்த்துக் களைக்க, பின்னே வருபவர் அவர் மறைவில் வலிமையைச் சேமித்துக்கொள்ளலாம். ஆகவே முந்த இருவருக்கும் மனமில்லை. கடிகாரம் கணிப்பது இறுதி 200 மீட்டரை மட்டுமே.

இக்கலையில் தேர்ந்தவர் இங்கிலாந்தின் ரெஜ் ஹாரிஸ். 1920இல் லங்காஷயரில், பரி நகருக்கு அருகே பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவில் டாங்கி ஓட்டியபோது காயமுற்று, படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். 1947இல் தொழில்முறை சாராதோருக்கான உலகப் பட்டம் அவருடையதாயிற்று.

மறு ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக். சொந்த மண்ணில் தங்கம் உறுதி என்றே பலரும் எண்ணியிருந்தனர். ஆனால் போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன் சாலை விபத்தொன்றில் அவரது முதுகெலும்பு முறிந்தது. தேறி வந்தவர் பந்தயமொன்றில் விழுந்து முழங்கையையும் முறித்துக்கொண்டார். அந்நிலையிலும் ஹெர்ன் ஹில் தளத்தில் இறங்கி, தனியர் போட்டியில் இத்தாலியின் மாரியோ கெல்லாவிடம் தோற்றார். இருவர் சேர்ந்து ஓட்டும் வண்டிப் போட்டியிலும் இரண்டாமிடமே. அவரது பட்டங்கள் அனைத்தினும் இவ்விரு வெள்ளிகளையே நாம் மேலாக மதிக்கிறோம்.

பின்னர் தொழில்முறை வீரராகி 1949, 1950, 1951, 1954 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்று, அப்பதின்மம் முடியுமுன் ஓய்வு பெற்றார்.

கதை அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஐம்பதைக் கடந்த நம்மைப் போன்றோர் மாடிப்படி ஏறவே கைப்பிடியைத் தேடுகிறோம். ஹாரிசோ 1974இல், தம் 54ஆம் வயதில், பிரித்தானியத் தொழில்முறை விரைவோட்டப் பட்டத்தை மீண்டும் வென்றார்! எதிர்த்து நின்றோர் அவருக்குப் பிள்ளைகள் ஆகத்தக்க வயதினர்.

புகழாசை என்று இதனை ஒதுக்கிவிடத் தோன்றலாம். அப்படி ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கால்களின் வலிமை குன்றும், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிராளியின் தோள் அசைவைக் கொண்டே அவர் பாயப்போகும் கணத்தை அறியும் கண், பல ஆண்டுகள் தோற்றும் வென்றும் பழகியவருக்கே வாய்க்கும். அக்கண் இன்னும் தம்மிடம் உண்டா என்பதை அறிய, தளத்தில் இறங்குவதன்றி அவருக்கு வேறு வழி ஏது?

மறு ஆண்டும் இறங்கினார். அம்முறை கிடைத்தது வெள்ளி.