இலையின் மறுபக்கம்

பெரணி பூப்பதில்லை; காய்ப்பதுமில்லை. அதன் இனம் தழைக்கும் வழி இலையின் அடிப்பக்கத்தில் அமைந்துள்ளது. முதிர்ந்த இலையைத் திருப்பிப் பார்த்தால் பழுப்புநிறப் புள்ளிகள் வரிசையாகத் தென்படும். ஒவ்வொரு புள்ளியும் நுண்ணிய வித்துப்பைகளின் தொகுதி. பெரும்பாலான பெரணிகளில் பையின் சுவரைத் தடித்த செல்களாலான வளையம் ஒன்று தழுவியிருக்கும். உலரும்போது அவ்வளையம் நிமிர்ந்து பையைக் கிழித்து, தூள் போன்ற ஸ்போர்களைக் காற்றில் வீசும்.

சேற்றில் படிந்து கல்லாகிப்போன தொன்மையான இலையைப் பெரணியென உறுதிசெய்ய உதவுவனவும் இவையே. இலையின் வடிவம் மட்டும் சான்றாகாது. உறவில்லாத செடிகளும் ஒத்த இலைகளைத் தாங்குவதுண்டு. ஆயினும் தொடக்கத்தில் வடிவத்தைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. 1820-களில் பிரெஞ்சு அறிஞர் அடால்ஃப் பிரோஞார், சிற்றிலையின் உருவையும் நரம்பமைப்பையும் கொண்டு புதைபடிவ இலைகளைப் பெகாப்டெரிஸ், நியூராப்டெரிஸ், ஸ்பீனாப்டெரிஸ் என வகுத்தார். கிரேக்க மொழியில் ‘டெரிஸ்’ என்பது பெரணியைக் குறிக்கும். பெயரே தீர்ப்பாக நிலைத்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய நிலக்கரிக் காலம், ‘பெரணிகளின் காலம்’ என்றே அழைக்கப்பட்டது.

இலைகளின் மறுபக்கம் வேறு கதை சொன்னது. பெகாப்டெரிஸ் இலைகள் சிலவற்றில் நான்கைந்து பைகள் ஒன்றிணைந்து விண்மீன்போல் விளங்கின. அவற்றில் வளையம் இல்லை. அவை இன்றைய ஆஞ்சியாப்டெரிஸ் பெரணியின் தொல்லுறவுகள். அதே பெயர் தாங்கிய வேறு சில இலைகளில் பைகள் தனித்தனியே நின்றன. வளையம் பையின் நுனியில் இருந்தது. ஒரு பெயருக்குள் இரண்டு குடும்பங்கள் வாழ்ந்திருந்தன!

நியூராப்டெரிஸ் முதலிய சில இலைகளோ ஏராளமாகக் கிடைத்தும் ஒன்றிலேனும் வித்துப்பை காணப்படவில்லை. கிடைக்காததைச் சான்றாகக் கொள்ளலாமா? 1883ஆம் ஆண்டில் டியோனிஸ் ஸ்டூர் என்னும் ஆய்வாளர் துணிந்து கூறினார்: இவை பெரணிகள் அல்ல. பெரணி அல்லவெனில் அவை எவை என்பதற்கு அன்று விடையில்லை.

விடை இங்கிலாந்தின் நிலக்கரிப் படுகைகளிலிருந்து வந்தது. அங்குள்ள சுண்ணக உருண்டைகளுக்குள் தாவரத் திசுக்கள் செல் கலையாமல் காக்கப்பட்டிருந்தன. அவற்றை மெல்லிய தகடுகளாக அறுத்து ஆராய்ந்த ஆலிவரும் ஸ்காட்டும், ஒரு விதையைச் சூழ்ந்த உறையில் காம்புடன் கூடிய உருண்டைத்தலைச் சுரப்பிகளைக் கண்டனர். அத்தகைய சுரப்பிகளே, பெரணியெனக் கருதப்பட்ட இலையைத் தாங்கிய லைஜினோடெண்ட்ரான் தண்டிலும் இருந்தன. 1903இல் அவர்கள் முடிவை வெளியிட்டனர்: பெரணி போன்ற இலை கொண்ட அத்தாவரம் விதை ஈன்றது. மறு ஆண்டில் ராபர்ட் கிட்ஸ்டன், நியூராப்டெரிஸ் இலையோடு ஒட்டிய விதையையே காட்டினார். ‘விதைப்பெரணிகள்’ என்னும் புதிய தாவரக்குழு பிறந்தது. விதைக்கு இடப்பட்ட லாஜினோஸ்டோமா லோமாக்சி என்னும் பெயரில், கல்லைத் தேடி எடுத்து அறுத்துத் தந்த ஜேம்ஸ் லோமாக்ஸின் உழைப்பும் நிலைபெற்றது.

இன்றும் வித்துப்பையோ விதையோ இல்லாத இலை கிடைத்தால் அதன் வடிவத்திற்கே பெயரிடுகின்றனர். குலத்தை உறுதியாகச் சொல்வதில்லை. மற்றொரு கல் பிளவுபட்டு இலையின் மறுபக்கத்தைக் காட்டும்வரை அந்தத் தீர்ப்பு காத்திருக்கிறது. அறிந்ததற்கும் கருதியதற்கும் இடையே கோடு கிழிக்கும் அப்பொறுமையும் அறிவியலின் ஒரு பகுதியே.