உயிர்காலேஜில் ஒரு மணல்குழி

சித்திரை வெயில் ஏறினால் அப்பா நினைவுக்கு வந்துவிடுவார். தோளில் சாக்கு, சாக்கில் ஆற்றுமணல், கக்கத்தில் காய்ந்த புல். மயில் முட்டையிடும் காலம் அது.

அப்பாவுக்கு உயிர்காலேஜில் வேலை. சென்னையில் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், மிருகக்காட்சிசாலையை உயிர்காலேஜ் என்றும் சொல்வோம். 1855இல் செத்த காலேஜ் வளாகத்தில் பிறந்து, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிவந்தது உயிர்காலேஜ்.

பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஆள் நடமாட்டம் படாத மூலையில் அப்பா நாலு விரற்கடை ஆழத்துக்குக் குழி பறிப்பார். மணலைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, மேலே புல்லும் வேப்பிலையும் போடுவார். வேப்பிலை, பேன் அண்டாமலிருக்க. முன்னால் தென்னங்கீற்றைச் சாய்த்து மறைப்பார். ஒரு குழியோடு விடமாட்டார். மூன்று மூலையில் மூன்று.

“எடத்த நாம காட்டலாம்டா. புடிக்கிறது அதோட இஷ்டம்.”

காட்டில் புதரடியில் தரையைக் கீறி முட்டையிடும் பறவை. அதற்கு மறைவுதான் கூடு. ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு முட்டை. நாலைந்து சேர்ந்ததும் பெட்டை அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்மயில் எட்டியும் பார்க்காது.

ஒரு வருஷம் ஆசை பொறுக்காமல் கீற்றை விலக்கினேன். பெட்டை விருட்டென்று எழுந்து போனது. பொழுது சாய்ந்தும் திரும்பவில்லை. அப்பா திட்டவில்லை. சூளையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடைக்கிருந்த கறுப்புக் கோழியை ஆயாவிடம் கேட்டார். கோழிமுட்டை 21 நாளில் பொரியும். மயில்முட்டைக்கு 28 நாள்.

“ஒரு வாரம் கூட உக்காரணுமே, பாவம்” என்றபடியே ஆயா கூடையோடு கோழியைக் கொடுத்தாள்.

மயில்முட்டை பெரிது, கோழியால் சரியாகப் புரட்ட முடியாது. அதைக் காலையும் மாலையும் புரட்டும் வேலையை அப்பா என்னிடம் தந்தார். புரட்டியது தெரிய, ஒரு பக்கம் கரிக்கோடு. கோழி கொத்திக் கொத்திப் புறங்கை புண்ணானது. 28ஆம் நாள் நாலில் இரண்டு பொரிந்தன. ஈரம் காயாத குஞ்சைக் கோழி தன் இறகுக்குள் இழுத்துக்கொண்டதை அப்பாவின் பக்கத்தில் மூச்சடக்கி நின்று பார்த்தேன்.

1985இல் உயிர்காலேஜ் வண்டலூருக்குப் போனது. அப்பாவும் ஆயாவும் இன்று இல்லை. அந்த மூலை எங்கே இருந்தது என்று போய்க் காட்டவும் என்னால் முடியாது.

எந்தப் பூங்காவிலாவது மயில் கூண்டின் மூலையில் கீற்று சாய்ந்திருப்பதைக் கண்டால், பிள்ளைகளை நாலடி பின்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ஒரு பெட்டை உட்கார்ந்திருக்கலாம்.