பேடா, வத்து, வேண்டாம்!

ஓசூரிலிருந்து தெற்கே பஸ்ஸில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் கெலமங்கலம். வழியெல்லாம் தக்காளி, கொத்தமல்லி, பாலித்தீன் கூடாரத்துக்குள் ரோஜா. நடுநடுவே கம்பெனிகளும், அவற்றில் வேலை பார்க்கும் பெண்களை ஏற்றி வரும் பஸ்களும். என் நாத்தனார் வீடு அங்கேதான். சேலத்து வெயிலிலிருந்து தப்பிக்க வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்விடுவேன்.

கர்நாடக எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கடைத்தெருவில் மூன்று பாஷையும் கேட்கும். நாம் பை என்பதைத் தெலுங்கில் சஞ்சி என்கிறார்கள், கன்னடத்தில் சீல. ஆனால் மெல்லிசு பிளாஸ்டிக் பைக்கு மட்டும் மூன்று பாஷையிலும் ஒரே பேர்தான், ‘கவர்’!

நாத்தனார் கடைக்குக் கிளம்புவதைப் பார்க்கணும். இரண்டு துணிப்பை, அதற்குள் எண்ணெய்த் தூக்கு, மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. கடைக்காரர் கவரை உதறிப் பிரிக்கிறதுக்கு முன்னாடியே, ஆளுக்குத் தகுந்தபடி “கவர் வத்து அண்ணா”, “கவர் பேடா அண்ணா” என்று சொல்லிவிடுவாள். எடை போட்டு முடிச்சுப் போட்டபிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லையாம்! டப்பாவை முதலில் வெறுமனே தராசில் வைக்கச் சொல்லி, அந்த எடையைக் கழித்துக்கொள்கிறாள். ராகியை மூட்டையாக வாங்கி வைத்துக்கொண்டு, பத்து நாளைக்கு ஒருதரம் மில்லில் அரைக்கிறாள். ராகியைப் பூச்சி லேசில் அண்டாது. மாவுதான் சீக்கிரம் கெடும்.

அவள் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் எதிர்வீட்டுப் பசு. பால் ஊற்றிப் பிழைக்கிற குடும்பம். பசு திடீரென்று தீனி எடுக்கவில்லை, வயிறு உப்பிப் போச்சு, பாலும் வற்றிவிட்டது. கால்நடை டாக்டர் வந்து இடது விலாப்பக்கம் கீறித் திறந்து பார்த்தால், ஒரு கூடை கவர், கயிறுபோல் முறுக்கிக்கொண்டு! நாம் காய்த்தோலையும் மீந்த சாதத்தையும் கவரில் கட்டித் தெருவில் எறிகிறோம். வாசனைக்கு வருகிற மாடு முடிச்சையா அவிழ்க்கும்? பையோடு விழுங்கிவிடுகிறது. அது செரிக்கவும் செரிக்காது, வெளியே வரவும் வராது. நல்லவேளை, பசு பிழைத்தது. அடுத்த கன்று போடும்வரை அந்த வீட்டில் வருமானமில்லை. பிள்ளைகள் படிப்புக்குக் கடன் வாங்கினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தில் 2016-லேயே தடை போட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது. இருந்தும் பூக்காரம்மா முதல் கறிக்கடை வரை நீட்டுகிறார்கள், நாம் வாங்கிக்கொள்கிறோம்.

கவருக்குப் பதில் பேப்பரில் கட்டித் தரச் சொல்லலாமே என்பீர்கள். சாமான் கட்டலாம். பஜ்ஜி, வடை வேண்டாம். அச்சு மை உணவில் ஏறும் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் எச்சரித்திருக்கிறது. சூடாக எண்ணெயோடு இருந்தால் இன்னும் மோசம்.

ஷாம்பு, பாக்கு பாக்கெட்டுகள் வேறு. பிளாஸ்டிக்கையும் அலுமினியத் தாளையும் ஒட்டிச் செய்வதால் பிரிக்க முடியாது. காயலான் கடையிலும் எடுக்கமாட்டார்கள். முடிந்தவர்கள் பெரிய பாட்டிலாக வாங்கலாம். அன்றாடக் கூலியில் ஒரு பாக்கெட்தான் வாங்க முடியும் என்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது கம்பெனிக்காரர்கள் யோசிக்க வேண்டிய விஷயம். கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒன்று: பயணத்துக்கு டயாபர் சரி, வீட்டில் இருக்கும்போது பழைய வேஷ்டித் துணியே போதுமே! குழந்தைக்கும் காற்றாட இருக்கும்.

ராயக்கோட்டை தக்காளி மண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கேயும் பிளாஸ்டிக் கிரேட்தான். ஆனால் வியாபாரிகள் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குகிறார்கள். ஒன்று குறைந்தால் சண்டை!

பால் கவர் தொல்லையும் நாத்தனாருக்கு இல்லை. எதிர்வீட்டுப் பாலைச் சொம்பில் வாங்குகிறாள். எனக்குச் சேலத்தில் தினம் இரண்டு கவர் வந்துவிடுகிறது. மூலையை முழுசாகக் கத்தரிக்காமல் தொங்கவிட்டே வெட்டுகிறேன்; அந்தத் துண்டுதான் சாக்கடைக்குப் போவது. கழுவிக் கொடியில் காயவைத்து, நூறு சேர்ந்ததும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறேன்.