பிரசவ அறையில் எதைக் கற்றுத் தருகிறோம்?

2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருவள்ளூர் அதில் ஒன்று. அங்கே மகப்பேறு மருத்துவம் கற்கும் பிள்ளைகளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் மாவட்டத்தின் செங்கல் சூளைகளிலும் ஒடிசா, பீகார் குடும்பங்கள் உழைக்கின்றன. வலியில் துடிக்கும் பெண் ஒடியாவில் "தலை சுத்துது" என்று சொன்னால் நம் மாணவருக்குப் புரியுமா? பத்துப் பதினைந்து ஒடியா, இந்தி வாக்கியங்கள் இங்கே பாடமாகவே இருக்க வேண்டும்.

என் படிப்புக் காலத்தில் ஒரே பெண்ணை மாணவர்கள் வரிசையாக உள்பரிசோதனை செய்ததைப் பார்த்தேன். அவளிடம் அனுமதி கேட்க யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 2019-ல் வந்த மருத்துவப் பாடத்திட்டம் அறத்தையும் பேசும் முறையையும் பாடமாக்கியது நல்ல மாற்றம். முதலில் பொம்மையில் பழகட்டும். பிறகு, பெண் சம்மதித்தால் மட்டும்.

இன்னொன்று, பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு. கண்ணால் பார்த்து அளவு சொல்லும் பழக்கம் ஆபத்தானது. 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், நான்கு ஆப்பிரிக்க நாடுகளின் 80 மருத்துவமனைகளில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் ரத்தத்தைப் பிடித்து அளந்தார்கள். அளவு மீறியதும் கர்ப்பப்பை மசாஜ், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், சலைன் எல்லாவற்றையும் காத்திருக்காமல் சேர்த்தே தந்தார்கள். கடும் ரத்தப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் வரும் மரணம் மூன்றும் சேர்ந்த விகிதம் 60 சதவீதம் குறைந்தது.

ஆசிரிய நண்பர்களே, அடுத்த பேட்ச் லேபர் ரூமுக்குள் வரும்போது அந்த விரிப்பை அவர்கள் கையிலேயே கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.